33 ஆட்டங்கள், ஒரு தோல்வி: ‘ஜெபர்டி’யில் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சியான ‘ஜெபர்டி’யில் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் முதன்முதலாகத் தோன்றியது 2019 ஏப்ரல் 4 அன்று. தோற்று வெளியேறியது அதே ஆண்டு ஜூன் 3 அன்று. இடையில் 32 வெற்றிகள். சேர்த்த பரிசுத் தொகை 24,62,216 டாலர். இதற்கு முன் இந்த நிகழ்ச்சியில் அசைக்க முடியாத சாதனையாக நின்றது கென் ஜென்னிங்ஸ் 2004இல் குவித்த 25,20,700 டாலர். ஜென்னிங்ஸுக்கு அதற்கு 74 வெற்றிகள் தேவைப்பட்டன. ஹோல்ஸ்ஹவர் அதில் பாதிக்கும் குறைவான ஆட்டங்களில் 58,484 டாலர் தொலைவு வரை வந்துவிட்டார். ஓர் ஆட்டத்துக்கு ஜென்னிங்ஸின் சராசரி ஏறக்குறைய 34,000 டாலர்; ஹோல்ஸ்ஹவரின் சராசரி 76,944 டாலர்.

ஹோல்ஸ்ஹவருக்கு ஜென்னிங்ஸைவிட இரண்டு மடங்கு விஷயம் தெரியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த உயரத்தில் நிற்பவர்களின் பொது அறிவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வித்தியாசம் பணத்தைக் கையாண்ட விதத்தில் இருந்தது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஆட்டப் பலகையில் ஒளிந்திருக்கும் மூன்று கட்டங்களை அவர் நடத்திய விதத்தில் இருந்தது. அவர் ஏறியதும் அந்த மூன்று கட்டங்களால்தான், இறங்கியதும் அவற்றால்தான் என்பது என் கட்சி. அதை ஆட்டம் ஆட்டமாகப் பார்க்கலாம்.

முதலில் ஆட்டத்தின் விதிகள். கோடீஸ்வரர் பாணி நிகழ்ச்சிகளில் ஒருவர் மட்டும் நாற்காலியில் அமர்ந்து, நெற்றியைத் தேய்த்து யோசித்து, நண்பருக்குத் தொலைபேசியில் பேசி விடை சொல்வார். ஜெபர்டியில் அந்த வசதி எதுவும் கிடையாது. மூன்று பேர் நின்றுகொண்டு ஒரே குறிப்புக்காக முட்டி மோதுவார்கள். பலகையில் ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கட்டங்கள். முதல் சுற்றில் அவற்றின் மதிப்பு மேலிருந்து கீழாக 200 முதல் 1,000 டாலர் வரை. இரண்டாம் சுற்றில் எல்லாம் இரட்டிப்பு: 400 முதல் 2,000 வரை. கீழே போகப் போகக் கடினம். சரியாகச் சொன்னால் அந்தத் தொகை சேரும். தவறினால் அதே தொகை கழியும். கடைசியாகச் சரியான பதில் சொன்னவர் அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்.

இந்த நிகழ்ச்சியில் விடையைக் குறிப்பாகக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பார்கள். போட்டியாளர் ‘யார்?’ ‘எது?’ என்ற வடிவில்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த விசித்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகள் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடைகளைக் கொடுத்து நாடகமாட வைத்தது அம்பலமானது. ‘ட்வென்டி ஒன்’ நிகழ்ச்சியில் 1956இல் வென்ற சார்லஸ் வான் டோரன் 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அதை ஒப்புக்கொண்டார். அவரிடம் தோற்கும்படி ஹெர்பர்ட் ஸ்டெம்பெலுக்கு நிகழ்ச்சிக்காரர்களே கட்டளை இட்டிருந்தார்கள்; 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது என்ற, அவருக்கு நன்றாகத் தெரிந்த கேள்விக்கு, அவர் தவறான பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு வினாடி வினா என்றாலே தொலைக்காட்சி நிறுவனங்கள் பயந்த காலத்தில், மெர்வ் கிரிஃபினிடம் அவருடைய மனைவி, “விடையை நாமே கொடுத்துவிட்டால் என்ன?” என்ற பொருளில் சொன்ன யோசனைதான் ஜெபர்டி ஆனது. 1964இல் தொடங்கிய நிகழ்ச்சி இடையில் நின்று, 1984இல் அலெக்ஸ் டிரெபெக்கைத் தொகுப்பாளராகக் கொண்டு மீண்டும் வந்தது. ஐந்து வெற்றிகளோடு ஒருவர் வெளியேற வேண்டும் என்ற பழைய விதி 2003இல் நீக்கப்பட்டது. அந்த விதி இருந்திருந்தால் ஜென்னிங்ஸும் இல்லை, ஹோல்ஸ்ஹவரும் இல்லை.

பதில் சொல்லும் வாய்ப்புக்காகப் போட்டியாளர்கள் முந்தி அழுத்தும் பஸ்ஸரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் சோபாவில் அமர்ந்து எல்லாக் குறிப்புகளுக்கும் பதில் சொல்கிறவர்கள் அரங்கில் வாயடைத்து நிற்பதற்கு அதுதான் காரணம். தொகுப்பாளர் குறிப்பை முழுமையாகப் படித்து முடிக்கும் வரை பஸ்ஸர் வேலை செய்யாது. படித்து முடித்ததும் ஓர் ஊழியர் விசையைத் திறப்பார். பலகையின் இருபுறமும் விளக்குகள் எரியும். அதற்கு முன் அழுத்தியவரின் பஸ்ஸர் கால் வினாடி பூட்டப்படும். கால் வினாடி என்பது வெளியில் ஒன்றுமில்லை. அங்கே அது ஒரு யுகம். மூவருக்கும் விடை தெரிந்த குறிப்பில் வெல்பவர் அதிகம் படித்தவர் அல்லர், கட்டைவிரல் சரியான நொடியில் இறங்கியவர். ஏற்கெனவே பல ஆட்டங்கள் நின்று பழகிய வெற்றியாளருக்கு இந்தத் தாளம் கையில் ஏறியிருக்கும். புதிதாக வரும் இருவருக்கு அன்றைய ஒத்திகையில் அழுத்திப் பார்த்த பழக்கம் மட்டும்தான். நீண்ட வெற்றித் தொடர்கள் உண்டாவதற்கு இது ஒரு காரணம்.

இனி அந்த மூன்று கட்டங்கள். ‘டெய்லி டபுள்’ என்று பெயர். முதல் சுற்றில் ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு. எங்கே ஒளிந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர் மட்டுமே பதில் சொல்லலாம், பஸ்ஸர் போட்டி கிடையாது; அதோடு, அதுவரை சேர்த்த பணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பணயம் வைக்கலாம். முழுவதையும் வைத்துச் சரியாகச் சொன்னால் ஒரே நொடியில் இரட்டிப்பு. இவை பெரும்பாலும் பலகையின் கீழ்ப்பாதியில், அதாவது கடினமான கட்டங்களில் இருக்கும். மேல் வரிசையில் மிக அரிது. கடைசியாக ஒரே ஒரு குறிப்பு மூவருக்கும் பொதுவாக வரும். தலைப்பைப் பார்த்துவிட்டு, குறிப்பைப் பார்ப்பதற்கு முன் பணயத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதலிடம் பெற்றவர் மட்டுமே தம் கணக்கில் உள்ள தொகையை எடுத்துச் செல்வார். இரண்டாமவருக்கு அப்போது 2,000 டாலர், மூன்றாமவருக்கு 1,000 டாலர், அவ்வளவுதான்.

மரபான ஆட்டம் எப்படி நடக்கும் என்றால், ஒரு தலைப்பை எடுத்து 200, 400, 600 என்று படிப்படியாக இறங்குவார்கள். பார்ப்பவர்களுக்கும் அது இதமாக இருக்கும். டெய்லி டபுள் வந்தால் கையில் 8,000 இருக்கும்போது 2,000 வைப்பார்கள். ஜென்னிங்ஸ் 2004இல் பெரும்பாலும் இப்படித்தான் ஆடினார். வரிசையை உடைத்துக் குதித்து ஆடுவது புதிதல்ல. 1985இல் சக் ஃபாரஸ்ட் எதிராளிகளைத் திணறடிக்க அதைச் செய்தார். 2014இல் ஆர்தர் சூ டெய்லி டபுளைத் தேடிப் பலகை முழுவதும் தாவியதற்குத் திட்டு வாங்கினார், ஏதோ விதியை மீறியவர் போல.

ஹோல்ஸ்ஹவர் லாஸ் வேகாஸில் வசிக்கும் தொழில்முறை விளையாட்டுப் பந்தயக்காரர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். அவர் செய்தது இரண்டு காரியங்கள், இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆட்டம் தொடங்கியதும் அடிமட்டத்து 1,000 டாலர் கட்டங்களைக் குறுக்காக வரிசையாக எடுத்தார். அதனால் சில நிமிடங்களில் கைமுதல் சேர்ந்தது. டெய்லி டபுளைத் தொட்டபோது இரு கைகளாலும் சூதாட்ட மேசையில் வில்லைகளை முன்னே தள்ளுவதுபோல் சைகை காட்டி, இருப்பது அத்தனையும் வைத்தார். கைமுதல் இல்லாமல் டெய்லி டபுள் கிடைத்துப் பயனில்லை. டெய்லி டபுள் கிடைக்காமல் கைமுதல் பெருகாது. கீழ்வரிசையிலிருந்து தொடங்குவது இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வழி செய்தது.

துணிச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது துணிச்சலாகத் தெரியவில்லை. தரப்படும் குறிப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சரியான விடை சொல்லும் ஒருவருக்கு, ஒன்றுக்கு ஒன்று தரும் பந்தயத்தில் முழுவதையும் வைப்பது லாபகரமான கணக்கு. தவறினாலும் பலகையில் இன்னும் பணம் பாக்கி இருக்கிறது, திரும்பச் சம்பாதிக்க நேரமும் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கை நடுங்கியதற்குக் காரணம் அவர்கள் அந்த எண்ணைப் பணமாகப் பார்த்தது. ஹோல்ஸ்ஹவர் அன்றாடம் பந்தயம் கட்டிப் பிழைப்பவர். ஆட்டம் முடியும்வரை அது அவருக்கு வெறும் புள்ளி. அறிவைத் தேடிய விதத்திலும் அதே சிக்கனம்: தமக்கு ஒன்றும் தெரியாத துறைகளுக்கு, நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போய்ப் படம் போட்ட புத்தகங்களைப் படித்தார். சுருக்கம், தெளிவு, தூக்கம் வராது. வினாடி வினாவுக்கு ஒரு விஷயத்தின் ஆழம் தேவையில்லை, அதன் பெயர் தெரிந்தால் போதும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

விளைவு நான்காவது ஆட்டத்திலேயே தெரிந்தது. அதுவரை ஒரே நாளில் அதிகம் வென்றவர் ரோஜர் கிரெய்க். 2010இல் 77,000 டாலர். ஏப்ரல் 9 அன்று ஹோல்ஸ்ஹவர் இறுதிக் குறிப்புக்கு வரும்போதே 72,600 டாலர் வைத்திருந்தார். அதன்மேல் 38,314 டாலர் பணயம் வைத்து 1,10,914 ஆக்கினார். இப்படி ஒரு விநோதமான எண் எதற்கு என்றால், மொத்தத் தொகையில் மகளின் பிறந்தநாள் வர வேண்டும் என்பதற்காக. ஒன்பதாண்டுச் சாதனையை உடைக்கும் நாளில், அதை எந்த எண்ணில் உடைப்பது என்று தேர்வு செய்யும் அளவுக்கு அவருக்கு இடம் இருந்தது. ஏப்ரல் 17 அன்று 71,114 டாலரோடு இறுதிக் குறிப்புக்கு வந்து, 60,013 வைத்து, 1,31,127 டாலரில் முடித்தார். தொடர் முடிந்தபோது ஒரு நாள் சாதனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களிலும் அவர் பெயரே இருந்தது.

எதிரே நின்றவர்களின் கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை. 32 ஆட்டங்களில் 64 பேர். ஒரு நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது ஜெபர்டியின் வழக்கம். பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி. அதனால் கல்வர் சிட்டியில் உள்ள சோனி ஸ்டுடியோவுக்கு வந்தவர்களில் எவரும் ஹோல்ஸ்ஹவரைத் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. வாழ்நாள் கனவோடு, சொந்தச் செலவில் விமானம் ஏறி, விடுதியில் தங்கி வந்தவர்கள், அங்கே நின்ற வெற்றியாளரின் தொகையைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்துகொண்டார்கள். ஆயிரம் டாலர் பலருக்கு வந்துபோன செலவுக்குச் சரியாக இருந்திருக்கும்.

அவர்களில் ஒருவரின் நிலைமை மனதை விட்டு அகலவில்லை. ஏப்ரல் 29 அன்று ஒளிபரப்பான, ஹோல்ஸ்ஹவரின் 18ஆவது ஆட்டம். ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பணிபுரிபவர் எதிரே நின்றார். பஸ்ஸரில் சளைக்கவில்லை, இறுதிக் குறிப்பிலும் தவறவில்லை. அவர் முடித்த தொகை 53,999 டாலர். ஜெபர்டியின் சாதாரண நாள் ஒன்றில் வெற்றி பெறுபவர் வாங்கும் தொகையைவிட இது மிக அதிகம். ஹோல்ஸ்ஹவர் முடித்தது 54,017. பதினெட்டு டாலர் வித்தியாசம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், திரையில் 53,999 என்று மின்னிக்கொண்டிருக்க, அவர் எடுத்துச் சென்றது 2,000 டாலர். அந்த ஆட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது: ஹோல்ஸ்ஹவரை வீழ்த்த வேண்டும் என்றால் அவரைப்போலவே ஆட வேண்டும். கவனமாக, மரியாதையாக ஆடியவர்கள் இறுதிக் குறிப்புக்கு முன்பே ஆட்டத்தை இழந்திருந்தார்கள்; முதலிடத்தின் தொகை இரண்டாமிடத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் போய்விட்டால், கடைசிக் குறிப்பு வெறும் சடங்கு.

ஜூன் 3 அன்று ஒளிபரப்பான 33ஆவது ஆட்டத்துக்கு வந்தவர் எம்மா பெட்சர், வயது 27, சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகர். இங்கே ஒரு சுவையான தற்செயல். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அவர் முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு, வினாடி வினாக் குறிப்பு ஒன்று எளிதா கடினமா என்பதை அதன் சொற்களையும் நீளத்தையும் கொண்டு கணினியால் கணிக்க முடியுமா என்பதைப் பற்றியது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஜெபர்டியின் குறிப்புகளை. ஆய்வேடு எழுதியதால் வென்றார் என்று செய்திகள் எழுதின, அது மிகை. பலகையின் எந்த வரிசையில் என்ன கிடக்கும் என்று அவர் ஒரு காலத்தில் உட்கார்ந்து யோசித்திருந்தார் என்பதே உண்மை.

அந்த ஆட்டத்தின் முதல் தேர்விலேயே ஹோல்ஸ்ஹவருக்கு டெய்லி டபுள் கிடைத்துவிட்டது. அரங்கில் கைதட்டல். ஆனால் அவருக்கு அதைவிடக் கெட்ட செய்தி வேறில்லை. கணக்கில் ஒரு டாலர்கூட இல்லை. கையில் பணம் இல்லாதவர் அந்தச் சுற்றின் அதிகபட்ச மதிப்பான 1,000 டாலர் வரை பணயம் வைக்கலாம் என்பது விதி. வைத்தார், சரியாகச் சொன்னார், 1,000 சேர்ந்தது. அதே கட்டம் பத்து நிமிடம் கழித்துக் கிடைத்திருந்தால் அது பல ஆயிரங்களைக் கொண்டுவந்திருக்கும். கீழ்வரிசையிலிருந்து தொடங்கும் உத்தியின் பலவீனம் இதுதான்: டெய்லி டபுள் இருக்கும் இடத்தில் தேடுவதால், கைமுதல் சேருவதற்கு முன்பே அதில் இடறிவிழவும் வாய்ப்பு உண்டு. 32 ஆட்டங்கள் அவருக்குச் சாதகமாக விழுந்த காய் இந்த முறை திரும்பி விழுந்தது.

இரண்டாம் சுற்றில் இருந்த இரண்டு டெய்லி டபுள்களையும் கண்டுபிடித்தவர் பெட்சர். ஒன்றில் கையிலிருந்த அத்தனையையும் வைத்தார். அதாவது ஹோல்ஸ்ஹவர் மற்றவர்களுக்கு ஏப்ரல் முழுவதும் செய்ததை அவருக்கே செய்தார். ஹோல்ஸ்ஹவர் அன்று மோசமாக ஆடவில்லை. வழக்கம்போல் ஆடினார், ஆனால் பெருக்கல் குறி அவர் பக்கம் வரவில்லை. கூட்டல் மட்டும்தான் கிடைத்தது. வெறும் கூட்டலில் வந்தது 23,400. பெட்சரிடம் 26,600. மூன்றாமவரிடம் 11,000.

இறுதிக் குறிப்பின் தலைப்பு ‘ஷேக்ஸ்பியரின் காலம்’. ‘அஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் வரும் ஒரு வரி, எந்த எழுத்தாளரின் அகால மரணத்தைச் சுட்டுவதாகக் கருதப்படுகிறது என்பது குறிப்பு. விடை, கிறிஸ்டோபர் மார்லோ. மூவருமே சரியாக எழுதியிருந்தார்கள். மூன்றாமவர் 6,000 வைத்து 17,000 ஆனார். ஹோல்ஸ்ஹவரின் பணயம் திரையில் வந்தபோதுதான் அமெரிக்கா முழுவதும் புருவங்கள் உயர்ந்தன: 1,399 டாலர். மொத்தம் 24,799. பெட்சர் 20,201 வைத்திருந்தார், 46,801 ஆனது. ஆட்டம் முடிந்தது. டிரெபெக்குக்கே வியப்பு.

ஒரு நாளில் 60,013 வைத்தவர் தோல்வி விளிம்பில் 1,399 வைப்பதா? வேண்டுமென்றே தோற்றார், ஜென்னிங்ஸின் சாதனையை உடைக்காமல் விட்டுக்கொடுத்தார், நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லித்தான் செய்தார் என்று சந்தேகங்கள் கிளம்பின. இறுதிக் காட்சி ஒளிபரப்புக்கு முந்தைய நாளே கசிந்துவிட்டதால் பேசுவதற்கு நேரமும் நிறைய கிடைத்தது. ஸ்டெம்பெலின் கதை தெரிந்த நாட்டில் இப்படி ஒரு சந்தேகம் எழுவது இயல்புதான். இத்தகைய மோசடியை 1960இலேயே மத்தியச் சட்டத்தில் குற்றமாக்கினார்கள். ஆனால் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தால் சந்தேகம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

முன்னணியில் இருப்பவர் பெட்சர். ஹோல்ஸ்ஹவர் எல்லாவற்றையும் வைத்து வென்றால் 46,800 ஆவார். அதைவிட ஒரு டாலர் அதிகம் பெற பெட்சர் வைக்க வேண்டியது 20,201. விவரம் தெரிந்த எந்த ஆட்டக்காரரும் அதைத்தான் வைப்பார், அவரும் வைத்தார். அப்படியானால், பெட்சர் சரியாகச் சொன்னால் ஹோல்ஸ்ஹவர் எவ்வளவு வைத்தாலும் தோல்வி. 1,399 வைத்தாலும் தோல்வி, 23,400 வைத்தாலும் தோல்வி. பெட்சர் தவறினால் அவர் 6,399க்கு இறங்கிவிடுவார். அப்போது ஹோல்ஸ்ஹவருக்குப் பணயமே தேவையில்லை, கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். யாரிடமிருந்து காப்பாற்றுவது? மூன்றாமவரிடமிருந்து. அவருடைய 11,000 இரட்டித்தால் 22,000. ஹோல்ஸ்ஹவர் 1,399 வைத்துத் தவறினால் மிஞ்சுவது 22,001.

ஒரு டாலர் அதிகம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தோற்க நினைப்பவர் மூன்றாமவரை ஒரு டாலரில் தடுக்க இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட மாட்டார்.

ஒரே ஒரு மறுப்பை நான் மதிக்கிறேன். பெட்சர் கணக்கில் பிசகி, மிகக் குறைவாக வைத்திருந்தால்? அப்போது மூவரும் சரியாகச் சொல்லும் நிலையில் 24,799 போதாது. பெட்சரின் 26,600ஐத் தாண்ட ஹோல்ஸ்ஹவர் குறைந்தது 3,201 வைத்திருக்க வேண்டும். உண்மைதான். ஆனால் அன்று முழுவதும் தெளிவாக ஆடிய ஒருவர் கடைசி நிமிடத்தில் கூட்டல் கழித்தலில் தவறுவார் என்று நம்பி, மூன்றாமவருக்குக் கதவைத் திறந்துவிடுவதா? நானாக இருந்தாலும் 1,399தான். அதோடு, சாதனைக்குத் தேவைப்பட்டது 58,485 டாலர். அவருடைய ஒரு சராசரி நாளின் வருமானத்தைவிடக் குறைவு. இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் சாதனை அவரிடம் வந்திருக்கக்கூடும், அதற்கு மேலும் ஆட்டங்கள் இருந்திருக்கும். பந்தயத்தில் பிழைப்பவர் அதைத் தானம் செய்வாரா?

ஜென்னிங்ஸ் 2004 நவம்பர் 30 அன்று தோற்ற விதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 75ஆவது ஆட்டம். எதிரே கலிபோர்னியாவைச் சேர்ந்த வீட்டுமனை முகவர் ஒருவர். இரண்டாம் சுற்றின் இரு டெய்லி டபுள்களும் ஜென்னிங்ஸுக்கே கிடைத்தன, இரண்டிலும் தவறினார். அதனால் இறுதிக் குறிப்புக்கு முன் 14,400க்கு 10,000 என்று எதிராளி எட்டும் தூரத்தில் இருந்தார். எந்த நிறுவனத்தின் 70,000 தற்காலிக அலுவலக ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டும் வேலை செய்கிறார்கள் என்பது குறிப்பு. வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் ‘எச் அண்ட் ஆர் பிளாக்’ நிறுவனம் விடை. ஜென்னிங்ஸ் ‘ஃபெட்எக்ஸ்’ என்று எழுதினார். எதிராளி 4,401 வைத்து 14,401இல் முடித்தார். கடைசிக் குறிப்பில் தோற்றார் என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் தோற்றது அரை மணி நேர நிகழ்ச்சியின் நடுவில். ஒருவருக்கு டெய்லி டபுள் கிடைத்தும் கைகொடுக்கவில்லை. மற்றவருக்குக் கிடைக்கவே இல்லை, அல்லது கிடைக்கக் கூடாத நேரத்தில் கிடைத்தது.

ஹோல்ஸ்ஹவரும் பெட்சரும் அதே ஆண்டு நவம்பரில் வெற்றியாளர்களுக்கான தொடரின் இறுதிப் போட்டியில் மீண்டும் சந்தித்தார்கள். இந்த முறை ஹோல்ஸ்ஹவர் வென்று 2,50,000 டாலர் பெற்றார். பெட்சர் இரண்டாமிடம், 1,00,000 டாலர்.

அதைவிடச் சுவையானது 2020 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் நடந்த ‘எக்காலத்துக்கும் சிறந்தவர்’ போட்டி. ஜென்னிங்ஸ், ஹோல்ஸ்ஹவர், ஜெபர்டியின் இன்னொரு பெரிய வெற்றியாளரான பிராட் ரட்டர் மூவரும் களத்தில். ஒவ்வோர் இரவும் இரண்டு ஆட்டங்களின் கூட்டுத்தொகை. முதலில் மூன்று இரவுகளை வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படிப்படியாக இறங்கி ஆடிய ஜென்னிங்ஸ் இப்போது பலகையில் தாவினார், டெய்லி டபுளில் முழுவதையும் வைத்தார், ஹோல்ஸ்ஹவரின் கை சைகையையும் அவருக்கு முன்னாலேயே செய்து காட்டினார். முதல் இரவில் 63,400க்கு 63,200 என்று 200 புள்ளியில் வென்றார். நாற்பதைத் தாண்டிய பிறகு, தம்மைவிட வயதில் இளையவரிடம் பாடம் கற்று, அவரையே அதனால் வீழ்த்துவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல.

நான்காம் இரவு. ஜென்னிங்ஸ் இரண்டு இரவுகள் வென்றிருந்தார், ஹோல்ஸ்ஹவர் ஒன்று. அன்றைய முதல் ஆட்டத்தில் ஜென்னிங்ஸ் 65,600, ஹோல்ஸ்ஹவர் 34,181. இரண்டாம் ஆட்டத்தில் ஹோல்ஸ்ஹவர் எழுந்து 44,000 சேர்த்தார், ஜென்னிங்ஸிடம் 23,000. கடைசிக் குறிப்பு மீண்டும் ஷேக்ஸ்பியர்: துன்பியல் நாடகங்களில், நாடகத்தின் தலைப்பில் பெயர் இல்லாத பாத்திரங்களில், 272 முறை பேசி முதலிடம் பெறுபவர் யார்?

ஜென்னிங்ஸ் வைத்தது பூஜ்யம். ஹோல்ஸ்ஹவர் வைத்தது 44,000, முழுவதும். ஒருவர் பயந்தார், ஒருவர் துணிந்தார் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். ஜென்னிங்ஸ் எல்லாவற்றையும் வைத்து வென்றால்கூட அவருடைய கூட்டுத்தொகை 1,11,600தான். ஹோல்ஸ்ஹவர் முழுவதையும் வைத்துச் சரியாகச் சொன்னால் 1,22,181. ஆகவே ஹோல்ஸ்ஹவர் சரியாகச் சொன்னால் ஜென்னிங்ஸ் என்ன வைத்தாலும் அந்த இரவு போய்விடும். அவர் தவறினால் ஜென்னிங்ஸ் ஒன்றும் வைக்காமலேயே கோப்பை கைக்கு வரும். ஜூன் மாதம் ஹோல்ஸ்ஹவர் நின்ற அதே இடத்தில் இப்போது ஜென்னிங்ஸ் நின்றார், அதே முடிவை எடுத்தார். விடை, இயாகோ. ஜென்னிங்ஸ் அதைச் சரியாகவே எழுதியிருந்தார், அதனால் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. ஹோல்ஸ்ஹவர் ஹொரேஷியோ என்று எழுதியிருந்தார். 88,600க்கு 34,181.

அதற்குப் பிறகு வந்தவர்களில் மேட் அமோடியோ 2021இல் 38 ஆட்டங்கள் வென்று 15,18,601 டாலர் பெற்றார். ஏமி ஷ்னைடர் 40 ஆட்டங்கள் வென்று 13,82,800 டாலர் பெற்றார். இருவருமே வெற்றி எண்ணிக்கையில் ஹோல்ஸ்ஹவரைத் தாண்டியவர்கள். பணத்தில் அவருக்குப் பத்து லட்சம் டாலர் அளவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். கீழ்வரிசையிலிருந்து தொடங்குவது இன்று புதுமுகங்களிடமும் சாதாரணமாகிவிட்டது. அதைப் பார்த்து யாரும் கோபப்படுவதும் இல்லை. கைமுதலை முழுவதும் முன்னே தள்ளுவதில்தான் பெரும்பாலோருக்கு இன்னும் தயக்கம். டிரெபெக் 2020 நவம்பரில் மறைந்த பிறகு, தொகுப்பாளரின் மேடையில் இப்போது நிற்பவர் ஜென்னிங்ஸ். யாராவது டெய்லி டபுளில் இருப்பது அத்தனையையும் வைத்தால், குறிப்பைப் படிப்பவர் அவர்தான்.